பாதிச் சேலையும் முழு வாரமும்

 

விழா மேடைகளில் பெரும்பாலும் பெருநாள்களைப் பற்றியே பேசப்படுகிறது. ஆண்டின் 365 நாள்களில் பெருநாள்கள் மிகச் சிலவே. எஞ்சியவை எல்லாம் உலை வைப்பதும், வேலைக்குச் செல்வதும், கடன் கணக்குப் பார்ப்பதுமாகக் கழியும் எளிய நாள்கள். துறவியின் நோன்பு காட்டிலும் குகையிலும் சோதிக்கப்படலாம். இல்லறத்தான் நோன்பு சோதிக்கப்படுவது அந்த எளிய நாள்களில்தான். ஆகவே இவ்வுரை, திருவிழாவும் திருமணமும் இல்லாத ஒரு மார்கழி வாரத்தைப் பொருளாகக் கொள்கிறது. இடம் காஞ்சி மாநகரம்.

காஞ்சிக்கு வருவோர் பெரிய காஞ்சி, சின்ன காஞ்சி என இரண்டைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். மூன்றாவதாக ஒரு காஞ்சி உண்டு. வேகவதியின் கரையில், நகரின் தென்மேற்கே அமைந்த திருப்பருத்திக்குன்றமே அந்த ஜினகாஞ்சி. பல்லவர் காலம் முதல் புகழ்பெற்ற இவ்வூரில் திரைலோக்கியநாதர் கோயிலும் சந்திரப்பிரபர் கோயிலும் உள்ளன. விசயநகர அமைச்சர் இருகப்பர் 1387-88 அளவில் எடுப்பித்த சங்கீத மண்டபமும், அதன் விதானத்தில் தீட்டப்பட்ட ஆதிநாதர், நேமிநாதர், வர்த்தமானர் வரலாறுகளும் அறிஞர் பலரை ஈர்த்தவை. உலகத்தார் உண்டு உடுத்து வாழ்வதற்காக அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்னும் ஆறு தொழில்களையும் கற்பித்தவர் ஆதிநாதர் என்பது சமண மரபு. நூலை ஆடையாக்கும் கைத்தொழிலும் சிற்பத்தினுள் அடங்கும்.

பட்டுக்குப் பெயர்பெற்ற நகரின் ஓரத்தில் உள்ள இவ்வூர், தன் பெயரில் பருத்தியைச் சுமந்து நிற்கிறது. இச்செய்தி உரையின் முடிவில் மீண்டும் தேவைப்படும்.

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து நகரை நோக்கி வந்தால் பிள்ளையார்பாளையம் வரும். காஞ்சி நெசவாளர் மிகுதியாக வாழும் பகுதி இது. இங்கு எந்தத் தெருவிலும் காணக்கூடிய ஒரு குடும்பத்தை மனத்தில் கொள்ளலாம். ஐம்பதைக் கடந்த நெசவாளர், அவர் மனைவி, ஒரு மகன், ஒரு மகள். வீட்டின் முன்கூடத்தில் தரையைத் தோண்டி அமைத்த குழியில் ஒரு தறி. அக்குழிக்குள் கால்களை விட்டு, தரை மட்டத்தில் அமர்ந்து நெய்வதால் குழித்தறி என்பது பெயர்.

திங்கட்கிழமை விடியற்காலை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறிப் பல நாள்கள் வேலை நின்றிருந்தது. மார்கழி பிறந்ததும் வானம் வெளுத்துவிட்டது. வாசலில் கோலம் போட்டுப் பூசணிப் பூ வைத்த கையோடு நெசவாளர் மனைவி தெருவுக்கு வருகிறார். புதிய பாவு அங்கே நீள விரித்துக் கட்டப்படுகிறது. அரிசிக் கஞ்சி தோய்த்து, சிக்கு நீக்கி, இழை இழையாகப் பிரித்து, இளவெயிலில் உலர்த்துகின்றனர். அண்டை வீட்டார் நால்வர் கைகொடுக்கின்றனர். நாளை அவர்கள் பாவு விரிக்கும்போது இவர்கள் சென்று கைகொடுப்பார்கள். இதற்குக் கூலி கிடையாது, இது ஊர்முறை. வெயில் ஏறிவிட்டால் இழை முறுகும், பனி மிகுந்தால் உலராது. மார்கழிக் காலையின் அந்த ஓரிரு மணி நேரமே இதற்கு ஏற்றது.

செவ்வாய்க்கிழமை பாவு பிணைக்கும் நாள். தறியில் எஞ்சியுள்ள பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் ஒவ்வோர் இழையையும் விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். இழைகள் ஆயிரக்கணக்கில். கண்ணும் விரலும் தவிர வேறு கருவி இல்லை. ஒருநாள் முழுவதும் இதிலேயே கழிகிறது. அன்று ஒரு சாண் துணிகூட நெய்யப்படவில்லை. ஆனாலும் அந்த நாள் இல்லாமல் சேலை இல்லை.

புதன்கிழமை முதல் தறி பேசத் தொடங்குகிறது. மிதியை அழுத்த, பாவு இரண்டாகப் பிரிய, நாடா பாய, அச்சு வந்து மோத, ஊடை ஒன்று சேர்கிறது. தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் துளையிட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக் கரையில் மயிலையும் உருத்திராக்கத்தையும் எழுப்புகின்றன. நெசவாளர் மனைவி அடுப்படிக்கும் தறிக்கும் இடையே நடந்தபடி இராட்டையில் தார் சுற்றித் தருகிறார். நாடாவுக்குள் வைக்கும் அத்தார் தீர்ந்தால் தறி நின்றுவிடும்.

காஞ்சிச் சேலையின் தனிச்சிறப்பு கோர்வை. சேலையின் உடல் ஒரு நிறம், கரை வேறொரு நிறம். இரண்டும் சேருமிடத்தில் நிறம் நிறத்தோடு கலவாமல், நூல் நூலைப் பற்றிக்கொள்ளுமாறு நெய்வதே கோர்வை. இதற்கு நாடா மூன்று வேண்டும்: உடலுக்கு ஒன்று, இரு கரைகளுக்கும் ஒவ்வொன்று. ஒருவரால் மூன்றையும் இயக்க இயலாது. ஆகவே நெசவாளரின் பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து ஒரு கரையின் நாடாவை வாங்கி வீச வேண்டும். சேலையைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் கரையழகைக் காண்கின்றனரேயன்றி, அங்கே இருவர் அமர்ந்திருந்ததைக் காண்பதில்லை.

அந்த இரண்டாவது இடத்தில் முன்பு அமர்ந்தவர் யார் என்பது மறக்கத்தகாத வரலாறு. பல்லாண்டுக் காலம் அங்கே அமர்ந்தவர்கள் சிறுவர்களும் சிறுமியரும். குடும்பக் கடனுக்காக முன்பணம் வாங்கிய பெற்றோர், பிள்ளையைப் பிறர் தறியில் அமர்த்தினர். கடன் தீரும்வரை பிள்ளை வேறிடம் போக முடியாது. பள்ளி மணி ஒலிக்கும் நேரத்தில் பிஞ்சு விரல்கள் நாடாவை வீசிக்கொண்டிருந்தன. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், 1990-களில் தொண்டர்களும் ஆசிரியர்களும் அரசு அலுவலர்களும் தெருத்தெருவாக மேற்கொண்ட முயற்சி, 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் ஆகியவற்றால் அந்நிலை பெரிதும் மாறியது. தறியிலிருந்து எழுந்த பிள்ளைகள் வகுப்பறைக்குச் சென்றனர். காஞ்சி நகரம் தன் வரலாற்றில் பெருமைப்படத்தக்க மாற்றங்களுள் இது தலையாயது.

ஆனால் பிள்ளை எழுந்து சென்ற இடம் காலியாகவே இருக்கிறதா? இல்லை. அங்கே தாய் வந்து அமர்ந்திருக்கிறாள். காலையில் சமைத்து, மகளைக் கல்லூரிக்கு அனுப்பி, தார் சுற்றி, பின்னர் தறியில் வந்தமர்ந்து கரை நாடாவை வீசுகிறாள். சேலைக்குரிய கூலி கணவர் பெயரில் ஒரே தொகையாக எழுதப்படுகிறது. அதில் அவள் கைக்கு எவ்வளவு என்று எந்தக் கணக்கேடும் பிரித்துக் காட்டுவதில்லை. துணைக்கு ஆளில்லாத வீடுகளில் கோர்வையையே விட்டுவிட்டு, ஒருவரே நெய்யக்கூடிய எளிய கரைகளுக்கு மாறிவிட்டனர். கோர்வை அருகிவருவதற்கு இளைஞரின் ஆர்வக்குறைவைக் காரணமாகக் கூறுவோர் பலர். இருவர் வேலைக்கு இருவர் கூலி தராததே முதற்காரணம்.

வியாழக்கிழமை வீட்டில் ஒரு பேச்சு எழுகிறது. மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பணிபுரிகிறான். விடிவதற்கு முன்பே கம்பெனிப் பேருந்து தெருமுனையில் வந்து நிற்கும். மாதம் பிறந்தால் வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறும். மழை பெய்தாலும் ஏறும். தந்தைக்கோ சேலை முடிந்தால்தான் வருவாய். “ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது தறியில் உட்காருடா, கை மறந்துவிடும்” என்கிறார் தந்தை. “ஒரு நாள்தான் அப்பா நான் தூங்குவதே” என்கிறான் மகன். இருவரும் தத்தம் அளவில் சரியாகவே பேசுகின்றனர். தாய் எதுவும் சொல்லாமல் மகனுக்குத் தோசை வார்க்கிறாள். மகளின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி தறியிலிருந்தும் மறுபகுதி மகனின் சம்பளத்திலிருந்தும் செல்வதை அவள் அறிவாள்.

வெள்ளிக்கிழமை மாலை. மார்கழிப் பகல் குறுகியது; காஞ்சியில் அது ஏறத்தாழ 11 மணி 20 நிமிடமே. வெளிச்சம் மங்கியதும் நெருங்கிய இரு நிறங்கள் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும். மின்விளக்கு உண்டு; கைத்தறிக்கென அரசு வழங்கும் கட்டணமில்லா மின்சாரமும் உண்டு. ஆயினும் நுண்ணிய வேலைக்குப் பகல் வெளிச்சமே ஏற்றதென்று முதுநெசவாளர் தறியை விட்டு எழுந்துவிடுகிறார். அதே வேளையில் சமண இல்லங்களில் தாய்மார் விரைந்து கொண்டிருப்பர். இரவுணவு நீக்கும் நோன்புடையோருக்கு மார்கழியில் மாலை 6 மணிக்கு முன்பே உணவு முடிந்தாக வேண்டும். அலுவலகத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் வருவோர் வீடு சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடுமே என்று அடுப்படி பதறும். நெசவாளர் இல்லத்துக்கும் நோன்பியர் இல்லத்துக்கும் ஞாயிறே கடிகாரம். இரண்டு வீடுகளிலும் அந்தக் கடிகாரத்துக்கு ஈடுகொடுப்பவள் பெண்ணே.

சனிக்கிழமை நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்கிறார். இந்நகரில் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் பல உண்டு. சங்கம் நூலையும் சரிகையையும் எடைபோட்டுக் கொடுக்கும். முடிந்த சேலையை எடைபோட்டு வாங்கும். கூலி பாஸ் புத்தகத்தில் பதிவாகும். சங்கத்தில் சேராதோர் தனி முதலாளிகளிடம் நெய்கின்றனர். பாவு ஒன்றில் பொதுவாக மூன்று சேலைகள் எடுக்கலாம். வேலைப்பாட்டைப் பொறுத்துச் சேலை ஒன்றுக்குப் பத்து நாள்களும் ஆகலாம், இருபது நாள்களும் ஆகலாம். இந்த வாரத்தின் கணக்கு என்ன? இரண்டு நாள்கள் ஆயத்தம், எஞ்சிய நாள்களில் இருவர் உழைப்பு. இத்தனையும் சேர்ந்து தறியில் சுற்றப்பட்டிருப்பது பாதிச் சேலைக்கும் குறைவு. பாதிச் சேலைக்குக் கூலி இல்லை. சங்கத்தில் கேட்ட முன்பணத்தோடு அவர் வீடு திரும்புகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி சாலையில் கால் வைக்க இடமில்லை. மார்கழியில் திருமணம் இல்லை. ஆனால் தை பிறந்தால் திருமணங்கள் தொடங்கிவிடும். வெளியூர்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து பட்டு எடுக்கின்றனர். வந்தவாசி, ஆரணிப் பக்கத்துச் சமணக் குடும்பங்களும் அவர்களுள் உண்டு. அப்படி வந்த ஒரு குடும்பத்தில் நிகழும் காட்சியைக் காண்போம். மணப்பெண் அரக்கு நிறத்தில் ஒரு கோர்வைச் சேலையைத் தோளில் சார்த்திப் பார்க்கிறாள். “பாட்டி, உங்களுக்கும் ஒன்று எடுக்கட்டுமா?” என்கிறாள். பாட்டி தலையசைத்து மறுக்கிறார். “எனக்குப் பருத்தி போதும் கண்ணு. அந்தப் புழுவை நினைத்தால் உடம்பில் ஒட்டவில்லை” என்கிறார். மணப்பெண்ணின் முகம் வாடுகிறது. மறுபுறம் அவள் தந்தை விலையில் இன்னும் ஐந்நூறு குறைக்குமாறு வற்புறுத்திக் கொண்டிருக்கிறார்.

பாட்டியின் மறுப்பில் பொருள் உண்டு. முசுக்கொட்டை இலையை நான்கு வார அளவு உண்டு வளர்ந்த புழு, தன் வாயிலிருந்து சுரக்கும் ஒரே இழையால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்கிறது. ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் நீளமுள்ள இழை அது. உள்ளே கூட்டுப்புழுவாகிப் பின் அந்துப்பூச்சியாக வெளிவரும்போது கூட்டைத் துளைத்துவிடும், இழை அறுந்துவிடும். அது வெளிவருவதற்கு முன்பே கூட்டை வெப்பத்தில் இட்டு உயிரைப் போக்குவதே வழக்கம். சேலை ஒன்றுக்கு இவ்வாறு சில ஆயிரம் கூடுகள் தேவை.

இதனைச் சமணர் மட்டுமே உணர்ந்தனர் என்று கூறலாகாது. காஞ்சி காமகோடி பீடத்தின் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள், பட்டு நெசவால் வாழும் இதே நகரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்தும், புழுக்களின் உயிரைக் கருதிப் பட்டாடையைக் கைவிடுமாறு அடியவர்களுக்கு அறிவுறுத்தினார். குடியரசுத் தலைவராக இருந்த வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி, புழுவைக் கொல்லாத பட்டுச் சேலை உண்டா எனக் கேட்ட கேள்வியே, ஐதராபாத்தைச் சேர்ந்த குசும ராஜய்யாவை அகிம்சைப் பட்டு முயற்சியில் ஈடுபடுத்தியது. அம்முறையில் பூச்சி பறித்துச் சென்ற வெறுங்கூட்டிலிருந்து நூல் நூற்கப்படுகிறது. அதுவும் முழுத் தீர்வன்று. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதர் வளர்ப்பில் இருந்த அந்தப் பூச்சிக்குப் பறக்கும் ஆற்றல் இல்லை. சில நாள்களில் மடிந்துவிடும். அறுந்த இழையை நூற்பதால் நூலின் பளபளப்புக் குறையும், விலை ஏறும். எனினும் கொலையைக் குறைக்க எடுத்த நேர்மையான முயற்சி என்ற அளவில் அது போற்றத்தக்கது.

சமண அறநூல்கள் கொலையை நான்காகப் பகுக்கின்றன: எண்ணிச் செய்வது, இல்லத் தொழிலால் நேர்வது, வாழ்க்கைத் தொழிலால் நேர்வது, தற்காப்பில் நேர்வது. இல்லறத்தான் முற்றிலும் விட வேண்டியது முதலாவது. எஞ்சியவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். அத்துடன், தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என்னும் மூன்றும் வினையில் பங்குடையன. ஆகவே கூட்டை வெந்நீரில் இட்டவர் யாரோ, உடுத்தவள் வேறு யாரோ என்று தள்ளிவிட இயலாது. பாட்டியின் உடம்பில் ஒட்டாமல் போனது இந்த உண்மைதான்.

ஆனால் அறநூல் அத்துடன் நிற்கவில்லை. கொல்லாமை என்னும் அணுவிரதத்துக்கு நேரும் குற்றங்களாகத் தத்துவார்த்த சூத்திரம் ஐந்தைக் குறிக்கிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவற்றைக் கேட்டவுடன் வண்டிமாடும் கூண்டுப்பறவையும் நினைவுக்கு வருகின்றன. நெசவாளர் இல்லத்தை நினைத்துப் பார்ப்போர் குறைவு. இருவர் உழைப்பை ஒருவர் கூலிக்குப் பெறுவது பாரம் ஏற்றுதல் அன்றோ? பல நாள் கைவேலையை ஐந்நூறு ரூபாய்க்காக அடித்துப் பேசும்போது, அந்தக் குறைவு இறுதியில் யார் உலையில் அரிசியைக் குறைக்கிறது? முன்பணத்துக்காகப் பிள்ளையைத் தறியோடு பிணைத்து வைத்த காலத்தில் அது கட்டுதல் அன்றோ? ஆகப் பேரம் பேசிய தந்தையின் செயலும், பாட்டி மறுத்த பட்டும் ஒரே விரதத்தின் எல்லைக்குள்தான் வருகின்றன. புழுவுக்கு இரங்கிய நெஞ்சம் தறியில் அமர்ந்திருக்கும் தாய்க்கும் இரங்கினால்தான் கொல்லாமை நிறைவுறும்.

இனி ஒரு வினா எழும். பட்டை எல்லோரும் கைவிட்டால் பிள்ளையார்பாளையத்துத் தறிகள் என்னாகும்? வினா நியாயமானது. அதற்குரிய விடை திருப்பருத்திக்குன்றத்தின் பெயரிலேயே இருக்கிறது. குழித்தறிக்குப் பட்டென்றும் பருத்தியென்றும் வேற்றுமை இல்லை. அதே நாடா, அதே மிதி, அதே கோர்வை, அதே கைத்திறன் பருத்தியிலும் செல்லும். காஞ்சிப் பருத்திச் சேலை இன்றும் விற்பனையில் உள்ளது. குறை எங்கே என்றால், பருத்தி நெய்தால் கூலி குறைவு. பருத்திச் சேலைதானே என்று வாங்குவோர் விலையைக் குறைத்து மதிப்பதே அதற்குக் காரணம். நோன்பு கருதிப் பட்டை விடுகின்ற இல்லம், பட்டுக்கென ஒதுக்கிய தொகையில் பாதியையேனும் நல்ல கைத்தறிப் பருத்திக்குச் செலவிடுமானால், புழுவும் பிழைக்கும், தறியும் நிற்காது. கைத்தறியாளர் துயருற்ற 1953-இல், இம்மண்ணில் பிறந்த அறிஞர் அண்ணா கைத்தறித் துணிகளைத் தெருவில் சுமந்து விற்றார். வாங்குபவர் இருந்தால்தான் நெய்பவர் வாழ்வர் என்னும் எளிய உண்மையை அவர் செயலால் காட்டினார்.

பட்டை விட மனம் ஒப்பாத இளையோரும் இருப்பர். அவர்களைக் கடிந்து பயனில்லை. அவர்கள் செய்யத்தக்கவையும் உண்டு. ஆண்டுக்கொரு பட்டு என்பதைத் திருமணத்துக்கு ஒரு பட்டு எனக் குறைக்கலாம்; உடைமைக்கு அளவு வகுத்துக்கொள்வதும் அணுவிரதங்களுள் ஒன்றே. தாயின் திருமணப் பட்டை மகள் உடுத்தலாம். வாங்குவதாயின், விசைத்தறியில் நெய்து காஞ்சிப் பெயரில் விற்கும் போலியைத் தவிர்த்துக் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கலாம். காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு 2005-ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அதைக் கேட்டு வாங்குவது வாங்குவோர் உரிமை. பேரம் பேசாமல் வாங்குவது நோன்பு.

அந்த மார்கழி வாரம் முடிந்து அடுத்த திங்கட்கிழமை பிறக்கிறது. பிள்ளையார்பாளையத்து வீட்டில் விடியுமுன் பேருந்தேறி மகன் சென்றுவிட்டான். வாசலில் புதிய கோலம். தந்தை தறிக்குழியில் இறங்கி அமர்கிறார். தாய் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் அமர்ந்து கரை நாடாவை எடுக்கிறாள். நெய்யாமல் எஞ்சிய பாதிச் சேலை காத்திருக்கிறது. அதை உடுத்தப்போவது யார் என்று அவர்களுக்குத் தெரியாது. உடுத்தப்போகிறவர்களுக்கு அவர்களைத் தெரிந்திருக்க வேண்டும். இவ்வுரை வேண்டுவது அவ்வளவே.

அறம் தழைக்க. எல்லா உயிரும் இன்புறுக.